புதன் காலை ஆறு மணி, ஹட்டோ வார்ஃப்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கௌதம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, ரெங்கம்மா அத்தையின் மூட்டைகள் நான்கு கயிறு கட்டி வாசலில் வரிசையாக நின்றன. ஐந்தாவது மூட்டையின் மேல் முழங்காலை ஊன்றி அத்தை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தை, மூட்டையெல்லாம் கட்டிட்டீங்க?"

"ஊருக்குத்தான் மகன். புதன்கெழம ஷிப்பு போகுதே."

"யாரு சொன்னா?"

"நீதான் சொன்ன," என்றார் அத்தை, நிமிராமலே.

கௌதம் யோசித்துப் பார்த்தான். அன்று முழுவதும் அத்தையிடம் அவன் பேசியது இரண்டே வாக்கியம். குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டது ஒன்று. அறையை ஒரு மணி நேரம் காலி செய்து தர முடியுமா என்று கேட்டது இன்னொன்று.

சிக்கலே அந்த அறையில்தான் ஆரம்பித்தது. போர்ட் பிளேரின் கராச்சர்மா பகுதியில் அவர்கள் வீட்டில் உபரியாக இருப்பது ஒரே ஓர் அறை. அதுதான் கௌதமின் ஒலிப்பதிவு ஸ்டூடியோ. நான்கு சுவரிலும் அட்டை முட்டைத் தட்டுகளை ஒட்டி வைத்திருந்தான். முட்டைத் தட்டு ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்று ஊரில் நிறையப் பேர் நம்புகிறார்கள். அது அப்படி இல்லை. மேடு பள்ளமாக இருப்பதால் அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். சத்தத்தைத் தடுக்க கனம் வேண்டும். அட்டையில் கனம் இல்லை. ஆகவே கௌதம் அறைக்குள் பாடுவதெல்லாம் கூடத்தில் எதிரொலி நீங்கி, முன்னைவிடத் தெளிவாகவே கேட்கும்.

பதினொரு நாளாக அந்த அறையில் தங்கியிருந்த அத்தை, அவன் பாடும்போதெல்லாம் அந்தக் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நிக்கோபார் பக்கம் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்ப்பவர். கண்புரை அறுவைக்காகப் போர்ட் பிளேர் வந்தார். கண் சரியாகிவிட்டது, திரும்பிப் போகத்தான் கப்பல் இல்லை. அந்தப் பக்கம் ஓடும் எம்.வி. மோதிமாலா என்ற தனியார் கப்பல், எஞ்சின் வேலை முடிந்தும், மெயின்லேண்டில் இருக்கும் கம்பெனியிடமிருந்து உத்தரவு வராமல் ஹட்டோ கப்பல்துறைக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. கராச்சர்மாவிலும் டாலிகஞ்சிலும் அத்தையைப் போல மூட்டையோடு காத்திருந்தவர்கள் இருநூறு பேருக்கு மேல்.

"நான் எப்ப சொன்னேன் அத்தை?"

அத்தை இடுப்பிலிருந்து போனை எடுத்து, கூடத்தில் உட்கார்ந்தபடியே பதிந்து வைத்திருந்ததை அழுத்தினார். கௌதமின் குரல் கணீரென்று வந்தது.

"பயணிகள் கவனம், பயணிகள் கவனம். புதன் காலை ஆறு மணி, ஹட்டோ வார்ஃப். மோதிமாலா கிளம்புது, கட்டு உன் பெட்டி. கார் நிக்கோபார் ராத்திரி, கச்சால் மறுநாள்…"

"இது என் பாட்டு அத்தை."

"பாட்டா?" அத்தை அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பாட்டுன்னா இழுத்துப் பாடணும். நீ பாடவே இல்லியே. வாசிச்ச."

ராப் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று கௌதம் விளக்கினான். மெட்டு இருக்காது, தாளத்தின் மேல் பேச்சை அடுக்குவார்கள், கப்பல் என்பது இங்கே உருவகம், உண்மையில் கிளம்புவது தன்னுடைய வாழ்க்கை என்றான். அத்தை பொறுமையாகக் கேட்டார். வாழ்க்கைக்கு ஹட்டோ வார்ஃப் எதற்கு என்று கேட்டார். கௌதம் பேச்சை மாற்றினான்.

"இதை யாருக்காவது அனுப்பினீங்களா?"

"நம்ம தோட்டத்து குரூப்புக்கு மட்டுந்தான்," என்றார் அத்தை.

கௌதம் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவனுக்கு இருபத்து நான்கு வயது. பகலில் டாலிகஞ்சில் இராமகிருஷ்ணன் என்பவரின் செல்போன் கடையில் பழுது பார்க்கிறான். மீதி நேரத்தில் ராப் பாடகன். மூன்று வருஷத்தில் பதினான்கு பாட்டுப் போட்டிருந்தான். கேட்டவர்களில் பாதிப்பேர் அவன் பழுது பார்த்த போன்களின் சொந்தக்காரர்கள். ஸ்பீக்கர் வேலை செய்கிறதா என்று சோதித்துக் காட்ட அவன் ஓட விடுவது தன் பாட்டைத்தான். பதினைந்தாவது பாட்டின் மாதிரியைச் சென்னையில் 'தாளக்கூடம்' என்ற இசைக் கம்பெனிக்கு அனுப்பியிருந்தான். அங்கிருந்து திவ்யா என்ற பெண் கூப்பிட்டு, பாட்டை எடுத்துக்கொள்கிறோம், புதன்கிழமை காலை பத்து மணிக்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடு என்று சொல்லியிருந்தாள். ஒப்பந்தத்தில் ஏழாவது வரியை மட்டும் இரண்டு தடவை படித்துக் காட்டினாள். 'இந்தப் பாட்டால் யாருக்கும் எந்த இடையூறும் ஏற்படவில்லை, இதன் மேல் எந்தப் புகாரும் இல்லை.' போன வருஷம் ஒரு பையன் தன் பாட்டில் வாய்க்கு வந்த ஒரு போன் நம்பரைப் பாடிவிட்டானாம். அந்த நம்பர் ஒரு பல் டாக்டருடையது. அவர் வழக்குப் போட்டார். அன்றிலிருந்து கம்பெனிக்கு அந்த வரி உயிர்.

ஒரே ஒரு புகார் வந்தால் போதும், கௌதமின் மூன்று வருஷம் போச்சு.

அவன் கார்த்திகாவுக்குப் போன் செய்தான். பள்ளியில் உடன் படித்தவள், இயற்பியல் முடித்தவள், அவன் பாட்டுகளுக்கெல்லாம் பீட் செய்பவள். பாட்டின் அடியில் ஓடும் தாளக்கட்டுக்குத்தான் பீட் என்று பெயர். எதற்கும் பதறாதவள். வந்து, அத்தையின் போனில் இருந்த பதிவைக் காதில் வைத்து இரண்டு தடவை கேட்டாள்.

"என் பீட்டக் காணோம்," என்றாள்.

அது உண்மை. பதினைந்தாவது பாட்டுக்கு அவள் போட்டிருந்தது பூம் பாப் வகை. நிமிஷத்துக்குத் தொண்ணூறு தட்டு, மனிதன் நிதானமாக நடக்கும் வேகம். ஒன்றாம் தட்டில் 'பூம்' என்று கனமான டிரம், இரண்டிலும் நான்கிலும் 'பாப்' என்று ஸ்னேர் என்ற சின்ன டிரம்மின் வறண்ட அடி. நடுவில் நிறைய இடம் விட்டிருக்கும். பேசுகிறவனின் ஒவ்வொரு எழுத்தும் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்வார்கள். ஆனால் செல்போனின் ஸ்பீக்கர் சுண்டுவிரல் நகம் அளவு. அதனால் தாழ்ந்த, கனத்த ஒலியை எழுப்ப முடியாது. போதாததற்கு வாய்ஸ் மெசேஜ், பேச்சைக் காப்பாற்றுவதற்காக மற்றதையெல்லாம் கழித்துவிடும். ஆகவே 'பூம்' போய்விட்டது. மிஞ்சியது கௌதமின் தெளிவான குரலும், நடுநடுவே 'டக், டக்' என்று ஒரு சத்தமும்.

"அறிவிப்புக்கு முன்னாடி மைக்கைத் தட்டிப் பாக்கற மாதிரியே இருக்கு," என்றாள் கார்த்திகா.

திங்கட்கிழமை காலை கார் நிக்கோபார் தீவிலிருந்து அப்பா சுதாகர் ஒரு செய்தி அனுப்பினார். அவர் அங்கே மின்துறையில் வேலை பார்க்கிறவர். கௌதமின் குரலைக் கௌதமுக்கே அனுப்பி, கீழே எழுதியிருந்தார்: 'கப்பல் வருது. அம்மாகிட்டச் சொல்லி நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்து விடு. யாரோ நல்லா வாசிக்கிறாங்க, நம்ம ஊர்க்காரர் போல.'

மகனுடைய குரலை அப்பா முதன்முறையாகப் பாராட்டியிருக்கிறார். அதைக் கொண்டாடும் நிலையில் கௌதம் இல்லை. கடைக்குப் போகும் வழியில் டீக்கடை வங்காளி அவனை நிறுத்தி, "பாய், புத்வார் பக்கா ஹை நா?" என்று கேட்டார். புதன் உறுதிதானே என்று கேட்கிறார். கடையில் முதலாளி இராமகிருஷ்ணன், கச்சாலுக்கு அனுப்ப மூன்று அட்டைப்பெட்டி சார்ஜர்களை டேப் ஒட்டி முடித்திருந்தார்.

கௌதம் கைக்கு எட்டிய குரூப்பிலெல்லாம் எழுதினான்: 'இது பாட்டு. கப்பல் அறிவிப்பு அல்ல.'

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. 'அப்ப டிக்கெட் தீந்துருச்சு போல. சீக்கிரம் போங்க.'

மத்தியானம் கார்த்திகா ஒரு வழி சொன்னாள். எழுத்தை யாரும் படிப்பதில்லை. குரல் போன வழியிலேயே குரலை அனுப்ப வேண்டும். அதே வரிகள், ஆனால் கேட்ட உடனே இது இசை என்று தெரிகிற மாதிரி ஒரு பீட். அவள் தேர்ந்தெடுத்தது லோ-ஃபை. வேகம் எழுபத்தைந்து. பியானோ கொஞ்சம் சுருதி தளர்ந்து, தூக்கக் கலக்கத்தில் வாசிப்பது போல இருக்கும். கூர்மையான ஒலிகளையெல்லாம் மழுக்கி, மேலே பழைய இசைத்தட்டின் கரகரப்பைப் பூசுவார்கள். அந்தக் கரகரப்பு தப்பு அல்ல. அதற்காகவே தனியாகப் பதிவுசெய்து சேர்ப்பது. சுத்தமான ஒலியில் இல்லாத ஒரு நெருக்கம் அதில் வரும்.

"பியானோ கேட்டா யாரு கப்பல்னு நெனப்பா?" என்றாள்.

மூன்று மணிக்கு அனுப்பினார்கள். ஐந்து மணிக்குச் சந்திரமதி, கௌதமின் அம்மா, காய்கறிக்கடையிலிருந்து வந்து பையைக் கீழே வைக்குமுன்னே சொன்னார்.

"ரேடியோலயே சொல்லிட்டானாம்டா."

"எந்த ரேடியோல?"

"கரகரன்னு வருது, நானே கேட்டேன். முன்னாடி மியூசிக் எல்லாம் போடறான்."

தீவுகளில் தலைமுறை தலைமுறையாகக் கப்பல் நேரத்தை ரேடியோவில் கேட்டவர்கள். கரகரப்பு அவர்களுக்குச் சந்தேகத்தைத் தராது, சந்தேகத்தைத் தீர்க்கும். அதுவரை நம்பாமலிருந்த நாற்பது ஐம்பது பேரும் மூட்டை கட்டினார்கள். ரெங்கம்மா அத்தை ஆறாவது மூட்டையை ஆரம்பித்தார்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் கார்த்திகா தன் தவற்றை ஒப்புக்கொண்டாள். சொல் தெளிவாகக் கேட்கிற வரைக்கும் ஆபத்துதான், ஆகவே சொல்லைப் புரியாமல் செய்ய வேண்டும் என்றாள். அதற்கு உகந்தது டிராப் என்ற வகை. வேகம் நூற்று நாற்பது என்று எழுதினாலும் உடம்பு அதைப் பாதியாகத்தான் உணரும், ஏனென்றால் ஸ்னேர் மூன்றாம் தட்டில் ஒரே ஒரு தடவை விழும். அந்த விசாலமான இடத்தில் ஹை-ஹாட் என்ற சின்னத் தாளத்தட்டை நான்காக, எட்டாக, பிறகு மும்மூன்றாக வெட்டித் தூவுவார்கள். தகரக் கூரையில் மழை மாதிரி இருக்கும். கௌதமும் அதே மும்மூன்று கணக்கில் வேகமாகப் பாடினான். பாடி முடித்துத் தானே கேட்டான். தனக்கே பாதி புரியவில்லை. திருப்தியாக அனுப்பினான்.

இது மற்றவற்றைவிட வேகமாகப் பரவியது. மழையில் வேலை பார்க்கும் யாரோ அவசரமாக அறிவிக்கிறார்கள் என்று ஊர் எடுத்துக்கொண்டது. சிலருக்கு 'புதன்' கேட்டது, சிலருக்கு 'ஆறு' கேட்டது, ஒருவருக்குக் 'கச்சால்' மட்டும் கேட்டது. எல்லாரும் கேட்டதைக் கூட்டிப் பார்த்து முழு அறிவிப்பையும் மீட்டுவிட்டார்கள்.

அதைவிட மோசம் ஒன்று இருந்தது. அதை இராமகிருஷ்ணன்தான் கடையில் வைத்து விளக்கினார்.

"எனக்கும் மொதல்ல சந்தேகந்தான் கௌதம். ஆனா பாரு, ஞாயித்துக்கெழம ஒண்ணு விட்டான். திங்கக்கெழம மாத்தி விட்டான். இன்னிக்கு மறுபடியும் மாத்திட்டான். ரெண்டு தடவ மாத்துனா அது நெசமான ஷெட்யூல்தான். டூப்ளிகேட்டா இருந்தா ஒரு தடவயோட நிறுத்தியிருப்பான்."

முப்பது வருஷமாகத் தீவில் இருப்பவர். அவர் சொன்னதில் கௌதமால் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை.

நான்காவதாக டிரில் போட்டுப் பார்த்தார்கள். அதற்குள் கார்த்திகாவுக்கு நோக்கம் மறந்து, ஆர்வம் வந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். டிரிலும் நூற்று நாற்பதுதான். ஆனால் ஸ்னேர் எதிர்பார்த்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி விழும், கால் தடுக்கியது போல. முக்கியமானது அதன் பேஸ், அதாவது அடியில் ஓடும் தாழ்ந்த ஒலி. ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்குத் தாவாது, வழுக்கிக்கொண்டே போகும். கார்த்திகா அந்த வழுக்கலை நீளமாக, நான்கு தட்டுக்கு இழுத்திருந்தாள். இதைப் போனில் கேட்டுப் பயனில்லை என்று கடை வாசலில் இருந்த பெரிய ஸ்பீக்கரில் போட்டார்கள். தெருவே கேட்கட்டும், தெருவே இது பாட்டு என்று புரிந்துகொள்ளட்டும்.

பேஸ் கீழேயிருந்து மேலே ஏறியது. எதிர்ச்சாரியில் நின்ற நான்கு பேர் சட்டென்று திரும்பித் துறைமுகம் இருக்கும் திசையைப் பார்த்தார்கள். ஒருவர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார்.

"ஹார்ன் குடுத்துட்டான்," என்று பேசிக்கொண்டார்கள்.

கார்த்திகா ஸ்பீக்கரை அணைத்தாள். "பீட்டால இனிமே முடியாது," என்றாள். "ஆபீஸ்ல போய்ச் சொல்லிடு."

கப்பல் கம்பெனியின் டிக்கெட் கவுண்டர் முன்னால் வரிசை ரோட்டைத் தொட்டிருந்தது. ஆளில்லாத இடத்தில் செருப்பும், கல்லும், ஒரு பலாப்பழமும் இடம் பிடித்து நின்றன. கௌதம் பக்கவாட்டில் நுழைந்து ஜன்னலை அடைந்தான். கப்பல் இல்லாததால் மூடியிருக்கும் என்று நினைத்தான். திறந்திருந்தது. பாலகுமார் என்ற குமாஸ்தா டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார்.

"சார், புதன்கிழமைக்கு டிக்கெட் குடுக்கறீங்களா?"

"பின்ன? லைனைப் பாத்தீங்கல்ல?"

"கப்பலுக்கு ஆர்டர் வந்துச்சா சார்?"

"வராமயா இவ்வளவு பேர் வந்திருக்காங்க?"

"அவங்க, நீங்க டிக்கெட் குடுக்கறீங்கன்னு வந்திருக்காங்க சார்."

"பாத்தீங்களா, நீங்களே சொல்றீங்க," என்றார் பாலகுமார்.

மெயின்லேண்ட் ஆபீசில் கேட்டுப் பார்த்தீர்களா என்று கௌதம் கேட்டான். பாலகுமார் பேனாவைக் கீழே வைத்தார். கேட்டால் அவர்கள் உத்தரவு இல்லை என்பார்கள், கேட்காதவரை இருக்கும், பன்னிரண்டு வருஷ அனுபவம் என்றார். பிறகு கௌதமின் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, வரிசையில் நிற்காமலே ஒரு டிக்கெட் தரட்டுமா என்று கேட்டார்.

"வேணாம் சார். நிறுத்துங்க. அது என் பாட்டு."

"எது?"

கௌதம் அங்கேயே, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாடிக் காட்டினான். பாடி முடித்துத் திரும்பினால் வரிசையில் இருந்தவர்கள் வாயை மூடிக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்த ஒருவர், "கவுண்டர்லயே சொல்லிட்டாங்க," என்று தனக்குப் பின்னால் இருப்பவரிடம் தெரிவித்தார்.

சாயங்காலம் திவ்யா கூப்பிட்டாள். பாட்டுப் பற்றி உங்கள் ஊரில் நல்ல பேச்சு இருக்கிறது போலிருக்கிறதே, கேட்கிறவர்களின் எண்ணிக்கை எகிறுகிறது என்றாள். நான்கு வகைப் பீட்டில் போட்டது புத்திசாலித்தனம் என்றாள். ஏழாவது வரியில் சிக்கல் ஒன்றும் இல்லையே என்று கேட்டாள். இதுவரைக்கும் இல்லை என்றான் கௌதம். அந்த நிமிஷத்துக்கு அது உண்மை.

புதன்கிழமை விடியற்காலை நான்கரை மணிக்கு அத்தையையும் ஆறு மூட்டைகளையும் அப்பாவுக்கான ஊறுகாய் பாட்டிலையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோ ஹட்டோவுக்குக் கிளம்பியது. போகாதீர்கள் என்று கௌதம் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தான். அத்தை அவன் கையைத் தட்டிக் கொடுத்தார்.

"என்னைய அனுப்ப மனசு ஏலாமத்தானே இப்பிடிச் சொல்ற. அடுத்த தடவ ரொம்ப நாள் இருக்கேன் மகன்."

வார்ஃபில் இருநூற்றைம்பது பேர். கோழிக்கூடை, கேஸ் அடுப்பு, டிவி, தென்னங்கன்று, இராமகிருஷ்ணனின் மூன்று பெட்டி சார்ஜர். கூட்டத்தை ஒழுங்குபடுத்த ஒரு போலீஸ்காரர். மோதிமாலா இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது.

ஐந்தே முக்காலுக்கு விசாலாட்சி என்ற டீச்சர் கௌதமின் கண்ணில் பட்டார். கச்சாலில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவர், பதினான்கு நாளாக இரண்டு பிள்ளைகளோடு சொந்தக்காரர் வீட்டில் இருந்தவர். டிரங்குப் பெட்டியின் மேல் தாளை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். கௌதம் எட்டிப் பார்த்தான். அழகான கையெழுத்து. 'பொய்யான கப்பல் அறிவிப்பைப் பரப்பிப் பொதுமக்களை அலைக்கழித்த' என்று எழுதி, பெயருக்கு மட்டும் ஒரு கோடு இழுத்து இடம் விட்டிருந்தார்.

"ஆறு மணி வரைக்கும் பாப்பேன்," என்றார் டீச்சர், அவன் யாரென்று தெரியாமலே. "அதுக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் அந்தா நிக்கிறாரே, அவர் கையில குடுத்துருவேன். பேரு மட்டுந்தான் தெரியல. தெரிஞ்சுக்கிறேன்."

கௌதம் முடிவு செய்தான். ஒளிந்துகொண்டால் புகார். முன்னதாகவே எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டால், ஒருவேளை மனமிரங்கி விட்டுவிடலாம். கார்த்திகா ஒரு கையடக்கமான ஸ்பீக்கரைக் கொண்டுவந்திருந்தாள். பேஸ் நன்றாகக் கேட்கிற ஸ்பீக்கர். அவன் ஒப்புக்கொண்டதும் பாட்டை முழு பீட்டோடு போட்டுக் காட்டினால், நான்கு நாளில் முதல் தடவையாக ஊர் அதைப் பாட்டாகக் கேட்கும்.

அவன் ஒரு சரக்குப் பெட்டியின் மேல் ஏறினான். கூட்டம் திரும்பியது. அவன் வாயைத் திறந்ததும் எல்லாருக்கும் குரல் அடையாளம் தெரிந்துவிட்டது. முன்வரிசையில் ஒருவர் கும்பிட்டார்.

"எல்லாரும் என்னை மன்னிக்கணும்," என்றான் கௌதம். "நான் சொன்னது…"

நீளமாக, அடிவயிறு அதிர, ஒரு பேஸ் கீழேயிருந்து மேலே வழுக்கி ஏறியது.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கீழே குனிந்தான். "கார்த்தி, இப்ப வேணாம். நிறுத்து."

"நான் இன்னும் ஆன் பண்ணவே இல்ல," என்றாள் கார்த்திகா.

அவள் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். கௌதம் திரும்பினான். வெள்ளைக்கு மேல் துரு வழிந்த எம்.வி. மோதிமாலா, முனையைச் சுற்றிக்கொண்டு மெதுவாக வார்ஃபை நோக்கி வந்துகொண்டிருந்தது. கார்த்திகா வாட்சைப் பார்த்தாள். ஐந்து ஐம்பத்தெட்டு.

பிறகு நடந்ததெல்லாம் ஒழுங்காக நடந்தது. கயிறு வீசினார்கள், கட்டினார்கள், ஏணிப்பாலம் இறங்கியது. பாலகுமார் வந்து டிக்கெட் சரிபார்த்தார். கௌதமைக் கண்டதும், "நான்தான் சொன்னேனே, ஆர்டர் வந்திருக்கும்னு," என்றார். கௌதம் அப்போதுதான் சரக்குப் பெட்டியிலிருந்து இறங்கினான். ஆக, மெயின்லேண்டிலிருந்து உண்மையிலேயே உத்தரவு வந்திருக்கிறது. வாரத்துக்கு ஏழு நாள்தான், அவன் பாட்டுக்குப் புதனைத் தேர்ந்தெடுத்தான், கம்பெனியும் புதனைத் தேர்ந்தெடுத்துவிட்டது. கப்பல்கள் வழக்கமாகக் காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறவைதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை என்று கார்த்திகாவும் சொன்னாள்.

விசாலாட்சி டீச்சர் தாளை நான்காக மடித்து, அதாலேயே இளைய பிள்ளைக்கு மூக்கைத் துடைத்துவிட்டு, கடலில் போட்டார். ரெங்கம்மா அத்தை மேல்தளத்திலிருந்து ஊறுகாய் பாட்டிலைத் தூக்கிக் காட்டிக் கையசைத்தார்.

கௌதம் போனைத் திறந்தான். ஒப்பந்தம் வந்து காத்திருந்தது. ஏழாவது வரியை நின்று நிதானமாகப் படித்தான். யாருக்கும் எந்த இடையூறும் ஏற்படவில்லை. இருநூற்றைம்பது பேரும் எதிரில் சிரித்துக்கொண்டு நின்றார்கள். மனசாட்சிக்கு விரோதமில்லாமல் விரலால் கையெழுத்துப் போட்டு அனுப்பினான். போய்ச் சேர்ந்தது என்பதற்கு அடையாளமாக ஒரு பச்சைக் குறி வந்தது.

அப்போது ஏணிப்பாலத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் விறுவிறுவென்று இறங்கி வந்தார். மோதிமாலாவின் கேப்டன் நாகலிங்கம், தூத்துக்குடிக்காரர். பாட்டுப் பாடின பையன் யார் என்று விசாரித்து, நேராகக் கௌதமிடம் வந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்தார்.

"தம்பி, போறது மட்டுந்தான் பாட்டுல இருக்கு. கச்சால்ல இருந்து நாங்க என்னைக்குத் திரும்பணும்?"